பேனலை மறைப்பவர்

பேருந்தில் அடித்துப் பிடித்து ஜன்னல் சீட்டை வாங்கிவிட்டு உடனே தூங்கிப்போகிறவர், டாக்டரிடம் போய்த் தன் நோயின் பெயரைத் தானே சொல்கிறவர், அடுத்தவர் செய்தித்தாளைத் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு ‘கொஞ்சம் திருப்புங்க’ என்கிறவர் என்று மனிதர்களில் எத்தனையோ வகை. அவர்களைப் பற்றியெல்லாம் வேண்டிய மட்டும் எழுதியாயிற்று. நான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறவர் கொஞ்சம் புதிய இனம். வீட்டுக்கு வீடு இருக்கிறார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அலுவலகத்துக்கு ஒருவராவது கட்டாயம் இருக்கிறார். அவர் பெயர், பேனலை மறைப்பவர்.

பேனல் என்றதும் பயந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் திரையின் அடியில் விரலகலத்துக்கு ஒரு பட்டை ஓடுமே, மணி என்ன, பேட்டரி எவ்வளவு, இணையம் வருகிறதா, எதையெல்லாம் திறந்து வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அதுதான். யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத பட்டை. நீங்களும் நானும் அதில் மணியைப் பார்த்துக்கொண்டு நம் வேலையைப் பார்க்கிறோம். இவருக்கு அது கண்ணில் விழுந்த தூசி. மறைத்தால்தான் மூச்சு வரும். மறைத்ததோடு விட்டாரா? வேண்டும்போது வரவழைக்கவும், வந்ததைத் திருப்பி அனுப்பவும், மூன்று விசைகளை ஒரே சமயத்தில் அழுத்துகிற ஒரு ஷார்ட்கட்டைத் தன் கையாலேயே அமைத்து வைத்திருப்பார். இவர் கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருளின் பெயர் லினக்ஸ். ‘இதுல எதை வேணும்னாலும் நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்’ என்று எப்போதோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து இவர் மாற்றிக்கொண்டே இருக்கிறார்.

உனக்கெப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். தெரியாததைத் தெரியவைப்பது என் பிழைப்பு. தெரிவதைத் தெரியாமல் ஆக்குவதைப் பிழைப்பாக வைத்திருக்கிற ஒருவருக்குத்தான் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாமா நல்லவர். ஒரு பெரிய கம்பெனியில் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. இந்த ஒன்றைத் தவிர அவரிடம் ஒரு குறை சொல்ல முடியாது. இந்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

முதலில் அவருடைய மேஜையைப் பாருங்கள். கீபோர்டு இருக்கும். மவுஸ் இருக்காது. அதைப் பழைய காலுறைக்குள் சுருட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். திரை முழுக்கக் கறுப்பு. ஒரு படம் இல்லை, ஒரு எழுத்து இல்லை, எறும்பு ஊர்ந்தால்கூடப் பளிச்சென்று தெரியும். ஒருமுறை ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துவிட்டு, “சார், உங்க மானிட்டர் போயிடுச்சு போலயே” என்றார்.

“அது ஓடிக்கிட்டுதான் இருக்கு.”

“எங்க சார் ஓடுது?”

பாவம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மாமா அவரைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். அன்று ஃபேன் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் சுற்றியது.

அந்த ஒரு மணி நேரத்தில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை என்றாலும் அப்படியே சொல்வேன், ஏனென்றால் எல்லோருக்கும் நடப்பது அதுவேதான். மாமா சட்டைக் கையை ஒரு மடிப்பு மடிப்பார். “இப்பப் பாருங்க,” என்பார். கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல், ஒரு தட்டு. அடியிலிருந்து பட்டை மேலே வரும். “இப்பப் பாருங்க.” இன்னொரு தட்டு. பட்டை போய்விடும். அதன் பிறகு உங்கள் முகத்தைப் பார்ப்பார். அங்கே நீங்கள் ஏதாவது சொல்லியாக வேண்டும். சும்மா இருந்தால் உங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து காட்டுவார். ‘ரொம்ப நல்லாயிருக்கே’ என்று சொன்னால், உங்களுக்கு ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்து, அதை எப்படி அமைத்தார் என்று விளக்க ஆரம்பிப்பார். இதில் எது தேவலை என்று எங்கள் குடும்பத்தில் இன்னும் முடிவாகவில்லை.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கணக்கு வரும். கை கீபோர்டை விட்டு மவுஸுக்குப் போய்த் திரும்ப இரண்டு விநாடி. ஒரு நாளைக்கு இருநூறு முறை. வருஷத்துக்கு நாற்பது மணி நேரம். “நாற்பது மணி நேரம் மாப்ள! ஒரு வாரத்து வேலை!” என்று மேஜையைத் தட்டுவார். சரி, மிச்சமான நாற்பது மணி நேரத்தை என்ன செய்தீர்கள் மாமா என்று ஒருநாள் நானும் கேட்டேன். திரையில் திறந்திருக்கிற ஜன்னல்களை இடமிருந்து வலமாக நகர்த்துவதற்கு இன்னொரு ஷார்ட்கட் அமைத்தாராம். அதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனதாம். அதனால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுவதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

இன்னொன்று. மணி பார்க்க நமக்கு ஒரு பார்வை போதும். இவருக்கு மூன்று விரல் வேண்டும். பட்டையை வரவழைத்து, மணியைப் பார்த்து, பட்டையை அனுப்பிவிட்டு, பார்த்த மணியை மறந்துபோய், திரும்ப வரவழைப்பார். இருநூறு முறை என்கிறாரே, அதில் நூற்றைம்பது இதற்குத்தான் போகிறது என்பது என் சந்தேகம். கையில் கடிகாரம் கட்டியிருக்கிறார். அதைப் பார்க்கலாமே என்று யாருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஆனாலும் இந்த இனத்தின் உண்மையான அதிசயம் வேறு. அந்த மூன்று விசைகள் எவை என்று அவரிடம் கேட்டுப்பாருங்கள். தெரியாது! சத்தியமாகத் தெரியாது. “இரு, இரு, அது வந்து...” என்று கண்ணை மூடுவார். வலது கையைக் காற்றில் நீட்டுவார். விரல்கள் எதையோ தேடும். “கீபோர்டைக் குடு, சொல்றேன்,” என்பார். விஷயம் விரல்களுக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு அடிக்கடி மாற்றவும் செய்வார். போன மாதம், பழைய அமைப்பில் கட்டைவிரல் ரொம்ப வளைகிறது என்று ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, அந்த மூன்றை விட்டுவிட்டு வேறு மூன்று விசைகளுக்கு மாற்றினார். கம்ப்யூட்டர் உடனே புரிந்துகொண்டது. விரல்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது பழசை அழுத்திவிட்டு, ஒன்றும் நடக்காததைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொள்வார்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்பதற்கு. இனிமேல் சொல்லப்போவதிலும் சிரிப்பு இருக்கிறது, ஆனால் எனக்கு இன்னும் சரியாகச் சிரிக்க வரவில்லை.

அக்கா ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தே வியாதியை ஊகித்துவிடுவாள். குழந்தை பிறந்ததும் விட்ட வேலை, ஏழு வருஷம் ஓடிப்போயிற்று. இந்த வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதே வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். இரண்டு மாதம் விழுந்து விழுந்து படித்தாள். சமைக்கும்போது அடுப்புக்கு மேலே செல்களின் படம், துணி மடிக்கும்போது மடியில் புத்தகம். நேர்காணல் வீட்டிலிருந்தபடியே வீடியோவில். மைக்ரோஸ்கோப் படங்களைக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள், அதனால் போனில் வரக்கூடாது, பெரிய திரை வேண்டும் என்று நிபந்தனை. அக்காவின் லேப்டாப் அந்த வாரம் பார்த்துத்தான் கண்ணை மூட வேண்டுமா?

“என் மெஷின் எதுக்கு இருக்கு? ராக்கெட் மாதிரி ஓடும்,” என்றார் மாமா.

“அது ஓடவே வேண்டாம். கீழ அந்தப் பட்டை தெரிஞ்சா போதும்,” என்றாள் அக்கா. “ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு நிமிஷம்தான். மணி என் கண்ணு முன்னாடி இருக்கணும்.”

“மணி வேணும்னா மூணே மூணு...”

“என்னங்க!”

“சரி, சரி.”

அக்கா ‘என்னங்க’ என்பதை இரண்டு விதமாகச் சொல்வாள். இது இரண்டாவது விதம். மாமா அன்று காலை பட்டையை வரவழைத்து, அப்படியே நிற்கும்படி விட்டுவிட்டு, இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தார். காலில் ஆணி குத்தியவர் நடக்கிற மாதிரி இருந்தது அந்த நடை. என்னைக் கடைக்கு லீவு போட்டு வரச்சொல்லியிருந்தாள் அக்கா. எனக்கு ஒரே ஒரு வேலை. “நீ ஹால்ல உக்காரு. இவரை சோபாவை விட்டு எழுந்திருக்க விடாதே. புரிஞ்சுதா?” என்றாள். புரிந்தது என்றேன்.

கதவைச் சாத்தினால் அந்த அறைக்கு வைஃபை எட்டாது. அதனால் பாதி திறந்திருந்தது. சோபாவிலிருந்து பார்த்தால் அக்காவின் முதுகும் திரையும் தெரியும். சரியாகப் பதினொரு மணிக்குத் திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்த டாக்டரம்மாதான் கேள்வி கேட்டார். அக்கா பதில் சொல்ல ஆரம்பித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. அவள் குரலே மாறிவிட்டது. ‘தண்ணி வந்துடுச்சா’, ‘பாலை எடுத்து வெச்சியா’ என்று கேட்கிற குரல் இல்லை அது. ஏழு வருஷமாக நான் கேட்காத குரல். முதல் படத்துக்குச் சட்டென்று பதில். இரண்டாவது படத்துக்கு டாக்டரம்மா தலையை ஆட்டி, “குட்” என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

“மாப்ள,” என்று என் காதில் மாமா.

“என்ன?”

“பட்டையில ஒரு ஆரஞ்சு புள்ளி வந்திருக்கு பாரு.”

“வரட்டும் மாமா.”

“அப்டேட் இருக்குன்னு சொல்லுது.”

“சொல்லிட்டுப் போகட்டும். பேசாம இருங்க.”

இரண்டு நிமிடம் பேசாமல்தான் இருந்தார். ஆனால் வலது கை சும்மா இல்லை. முழங்காலின் மேல் மூன்று விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. “அந்தப் பட்டை இருக்கிறதால படத்தோட அடியில ஒரு கோடு அளவு மறையுது. முக்கியமான செல்லு அந்த இடத்துல இருந்தா என்ன பண்றது? பாவம், அவளுக்குத் தெரியாமலே போயிடுமே,” என்றார். இதைக் கவனியுங்கள். இந்த இனம் ஒருபோதும் தனக்காக எதையும் செய்துகொள்வதில்லை. கை அரிப்பது இவருக்கு, ஆனால் சொறிவது உங்கள் நன்மைக்காக.

அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து எனக்குப் போன். யாருடைய கண்ணாடியையோ எந்த டப்பாவில் வைத்தேன் என்று கேட்டார்கள். பதில் சொல்லித் திரும்பினால், பக்கத்தில் மாமா இல்லை. கீழே பார்க்கிறேன், நாற்பத்தாறு வயது மனிதர், பன்னிரண்டு பேருக்கு மேலதிகாரி, கேமராவில் விழக்கூடாது என்று முழங்காலும் உள்ளங்கையும் தரையில் பதிய அறைக்குள் தவழ்ந்துகொண்டிருக்கிறார்! பாய்ந்து காலைப் பிடித்தேன். காலுறை மட்டும் என் கையோடு வந்தது. அதற்குள் அவர் மேஜைக்கு அடியில் போய்விட்டார். மேஜை விளிம்பில் ஒரு கை மட்டும் எழும்பியது.

திரையில் மூன்றாவது படம் வந்திருந்தது. “இது வந்து மேடம்...” என்று அக்கா வாயைத் திறந்தாள்.

மூன்று விரல்கள். ஒரு தட்டு.

விரல்கள் பழைய மூன்று விசைகளைத்தான் அழுத்தின. பேனல் அவற்றைப் போன மாதமே கைவிட்டுவிட்டதால் தட்டு நேராக வீடியோ செயலிக்குப் போயிற்று. அந்த மூன்றுக்கு அந்தச் செயலியில் ‘கூட்டத்தைவிட்டு வெளியேறு’ என்று அர்த்தமாம். டாக்டரம்மா காணாமல் போனார். படம் காணாமல் போயிற்று. ‘நீங்கள் வெளியேறிவிட்டீர்கள், நன்றி’ என்று ஒரு வரி வந்தது. அழைப்பின் தரம் எப்படி இருந்தது என்று கேட்டு அதற்குக் கீழே ஐந்து நட்சத்திரங்கள். அதற்கும் கீழே, மணி பதினொன்று பதினான்கு என்று காட்டிக்கொண்டு, பேனல் இருந்த இடத்திலேயே இருந்தது.

மேஜைக்கு அடியிலிருந்து மாமாவின் தலை வெளியே வந்தது. மன்னித்துவிடு என்றா சொன்னார்? “அட, பழசை அழுத்திட்டேன் போலயே! இதுக்கு அதுல இப்படி ஒரு வேலை இருக்கா!” என்றார். அந்த முகத்தில் ஆர்வம் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த காலுறையை அவர் மேலேயே வீசினேன்.

அக்கா திரும்ப உள்ளே போகப் பார்த்தாள். வேறொருவர் நேர்காணலில் இருக்கிறார், காத்திருங்கள் என்று வந்தது. ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். “நீங்களாவே போயிட்டீங்க, அதனால அடுத்தவங்களைக் கூப்பிட்டாச்சு. எல்லாரும் முடிஞ்ச பிறகு டாக்டரம்மா சரின்னா பாக்கலாம். உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதும்மா,” என்றது எதிர்ப்பக்கம். அக்கா போனை வைத்தாள். திட்டுவாள், கையில் கிடைத்ததை எறிவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“எனக்குத் தெரியும்டா அந்தப் படம்,” என்றாள் என்னிடம். “பார்த்த உடனே தெரிஞ்சுது. ஏழு வருஷம் கழிச்சு ஒருத்தங்க என் வேலையைப் பத்தி என்கிட்ட கேட்டாங்க. சொல்ல வாயைத் திறந்தேன்.”

மாமாவின் முகம் அப்போதுதான் மாறியது. தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். வருந்துகிறார், மனிதர் வருந்துகிறார் என்று நானும் இளகினேன். பிறகு நிமிர்ந்து, “இனிமே இப்படி நடக்கவே நடக்காது. அஞ்சே நிமிஷம் மெஷினைக் குடு. அந்தப் பழைய மூணையும் எதுக்கும் வேலை செய்யாத மாதிரி பண்ணிடறேன்,” என்று கையை நீட்டினார்.

“என்னங்க,” என்றாள் அக்கா. இது மூன்றாவது விதம். நான் அதுவரை கேட்டதில்லை. மாமா எழுந்து, தானாகவே பால்கனிக்குப் போய், தானாகவே கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரம் அக்கா அந்தக் காத்திருங்கள் என்ற வரியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் டாக்டரம்மா வந்தார். வரும்போதே முகத்தில் கடுகடுப்பு.

“என்னம்மா, படத்தைக் காட்டினதும் ஓடிப்போயிட்டீங்க? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாமே.”

“ஓடலை மேடம். என் வீட்டுக்காரர் பட்டனை அழுத்திட்டார்.”

“அவர் எதுக்கு அழுத்தினார்?”

“பன்னிரண்டு வருஷமா நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன் மேடம்.”

பக்கத்திலிருந்த இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “சரி, மூணாவது படத்துலேர்ந்து ஆரம்பிங்க,” என்றார் டாக்டரம்மா. அக்கா ஆரம்பித்தாள். பதினொரு படங்கள். ஒன்றிலும் தடுமாறவில்லை. பால்கனிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு மாமாவும் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. இப்போது காலை ஏழரைக்கே கிளம்பிவிடுகிறாள். மாமா திருந்தினாரா என்கிறீர்களா? பழைய மூன்று விசைகளுக்கும் பூட்டுப் போட அடுத்த ஞாயிறு முழுவதும் செலவழித்தார். பாதுகாப்பு நடவடிக்கையாம். இந்தத் தடவை புதிதாக நான்கு விசைகள்.

போகட்டும், உங்களிடம் வருகிறேன். மேஜை விளிம்பில் கை எழும்பி, தட்டு விழுந்து, டாக்டரம்மா காணாமல் போனாரே, அந்த இடத்தில் உங்களுக்கு இரண்டில் ஒரு கேள்வி வந்திருக்கும். ‘ஐயோ, அக்கா கதி என்ன?’ என்பது ஒன்று. ‘அது எந்த மூன்று விசை?’ என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்குக் கடைசிவரை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இது உங்களுக்கு இப்போதுதான் உறைக்கிறதென்றால் தப்பித்தீர்கள். நடுவிலேயே ஒருமுறை மேலே போய், எங்கேயாவது சொல்லியிருக்கிறேனா என்று தேடிப் பார்த்தவராக இருந்தால் மட்டும், உங்கள் வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு, ‘நான் அப்படிப்பட்ட ஆளா?’ என்று கேளுங்கள். அவர் யோசிக்கக்கூட மாட்டார்.